மூன்றாம் கயிறு

ஆலந்தலை இன்னாசியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. பெயர் ஆராவமுதன். சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. தூத்துக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே எனக்கு இன்னொரு பெயர் இருந்தது. 'துறைமுகத் தூதன்' என்ற வாரத்தாளில் 'கருக்குமட்டை' என்ற பெயரில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் இருக்குமே, அதுதான் கருக்கு. கை பட்டால் கிழித்துவிடும். அந்தப் பெயரை நானே ஆசைப்பட்டு வைத்துக்கொண்டேன் என்பதிலிருந்தே என் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம்.

1946ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் லீவு. யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் புதுப் படங்கள் அபூர்வமாகத்தான் வந்தன. கொட்டகைக்காரர்கள் பழைய படங்களைத் தூசி தட்டி எடுத்து ஓட்டினார்கள். லீவு விட்ட ஆறு நாளில் ஐந்து படம் பார்த்து, ஐந்துக்கும் விமர்சனம் எழுதித் தருவதாகப் பத்திரிகைக்காரர் ஆதிநாதனிடம் ஒப்புக்கொண்டேன். மூன்று பழசு, இரண்டு புதுசு. பண்டிகை மலரில் இரண்டு முழுப் பக்கம் எனக்கென்று ஒதுக்கிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் படம் பழைய புராணம். ஐம்பத்திரண்டு பாட்டு. விரல் விட்டு எண்ணினேன். ஐம்பத்துமூன்றாவது ஆரம்பிக்கும்போது பிலிம் அறுந்துபோயிற்று. படத்தில் ரசிக்கத்தக்க இடம் அது ஒன்றுதான் என்று எழுதினேன். இரண்டாவது படத்தில் ஒரு ரிஷி கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார், மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய தழும்பு வெள்ளையாகத் தெரிகிறது. அதற்கு அரைப் பத்தி. மூன்றாவது, ஒரு விதவையைப் பற்றிய பழைய சமூகப் படம். நன்றாக இருந்தது. கொட்டகையின் இருட்டில் மேல்வேட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து, 'கண்ணீர் தேவைக்கு மேல் சப்ளை' என்று எழுதினேன். கருக்குமட்டை அழுதான் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன ஆவது? நாலாவது ராஜா ராணி கதை. அதை விட்டுவிடுகிறேன்.

ஐந்தாவதுதான் அந்த முத்துக்குளிப் படம். நம் கடற்கரையிலேயே எடுத்தது என்பதால் ஊரெல்லாம் அதே பேச்சு. கதாநாயகன் முத்துக்குளிப்பவன். அவன் காதலியின் மேல் கண் வைத்த வில்லன், அவன் கடலுக்குள் இறங்கியிருக்கும்போது கயிற்றைக் கைவிட்டுவிடுகிறான். அந்தக் கட்டத்தில் நடிகருடைய முகத்தைக் கிட்டத்தில் காட்டிவிட்டு, பிறகு தோணியைத் தூரத்திலிருந்து காட்டுகிறார்கள். ஒரு ஆள் கல்லின் மேல் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறான். அப்புறம் வெறும் தண்ணீர். என் கடிகாரப்படி ஒன்றரை நிமிஷம் வெறும் தண்ணீரையே காட்டுகிறார்கள். கொட்டகையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நானும்தான்.

ஆனால் நான் படித்தவன் அல்லவா? முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்திருந்தேன். அந்தத் தெம்பில் நான் எழுதியதை ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கே தருகிறேன்: 'முத்துக்குளிப்பவனுக்குக் கயிறு இரண்டே. கல்லுக்கு ஒன்று, சிப்பிக் கூடைக்கு ஒன்று. இந்தப் படத்திலோ மூன்றாவதாக ஒரு கயிறு பாய்க்குப் பின்னால் ஓடுகிறது. காற்றில் பாய் விலகும்போது அதைப் பிடித்திருக்கும் திருட்டுக் கை ஒன்றும் தெரிகிறது. குளியாள் குளிக்கவே இல்லை. இடுப்பில் கட்டி, இரண்டு முழம் தண்ணீருக்குள் இறக்கி, தோணி மறைவில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நமது முத்துக்குளித்துறையில் பிறந்த குழந்தைகூட இந்தப் புரட்டைப் பார்த்துச் சிரிக்கும்.'

நான் முத்துக்குளித்துறையில் பிறந்தவன் அல்ல. தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் முங்கியவன். கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அதை விமர்சனத்தில் எழுதவில்லை.

மலர் சனிக்கிழமை வெளிவந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அச்சாபீசில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அகலமான மார்பு, அதற்குச் சம்பந்தமில்லாத மெலிந்த கால். அந்த அம்மாள் கையில் பண்டிகை மலரைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"நீங்கதான் அந்தக் கருக்குமட்டையா, ஐயா?" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தம் அது. ஆமாம் என்றேன். அப்போதுகூட எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் தெருவில் நின்றே பேசினார்கள். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அவர்தான் இன்னாசி. ஆலந்தலைக்காரர். பதினாறு வயதில் குளிக்க இறங்கியவர். 1926ஆம் வருஷத்திலிருந்து 1928 வரை மூன்று வருஷம் சர்க்கார் முத்துக்குளிப்பு, அதாவது முத்துச் சலாபம் நடந்ததே, மூன்றிலும் குளித்திருக்கிறார். அதற்குப் பிறகு சலாபம் இல்லை. சங்கு குளிக்கப் போனார். ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்தில் முதலில் வலது காது போயிற்று. காதில் ரத்தம் வந்தவனைத் தோணியில் ஏற்ற யோசிப்பார்கள். கடைசியாகக் கிழிந்த வலை பொத்திக்கொண்டு வீட்டோடு இருந்தவரைத்தான் போன வருஷம் மாசி மாதத்தில் படக்காரர்கள் தேடி வந்து, கதாநாயகனுக்குப் பதிலாகக் குளிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் தோணியில் ஏறியதும் தகராறு வந்துவிட்டது. கதைப்படி கயிற்றைப் பிடிக்க வேண்டியவர் வில்லன் நடிகர். கடலில் கால் வைத்ததிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த மனிதர். அவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்க மாட்டேன் என்று இன்னாசி சொல்லிவிட்டார். சும்மா நடிப்புத்தானே என்று டைரக்டர் சிரித்தாராம்.

"அவரு நடிப்பாரு, ஐயா. கடலு நடிக்குமா?" என்றார் இன்னாசி என்னிடம்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. குளிக்க இறங்குகிறவன் கயிற்றை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டான். மச்சான்தான் பிடிக்க வேண்டும். பெண்சாதியின் கூடப்பிறந்தவன். கயிறு நழுவினால் தாலி அறுப்பது தன் தங்கை என்பது அவனுக்குத் தெரியும் அல்லவா? மேலே இழுக்கச் சொல்லி இழுப்புச் சைகை வரும் வரைக்கும் அவன் கண்ணை எடுக்க மாட்டான். ஆலந்தலையில் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. நான் படித்த பத்துப் பக்கத்தில் இல்லை. பதினோராவது பக்கத்தில் இருந்ததோ என்னவோ, நான் புரட்டவில்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வில்லன் கையில் பார்வைக்கு ஒரு கயிறு. இன்னாசியின் இடுப்பிலிருந்து தனியாக இன்னொரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய மச்சான் லாசர் பாய்க்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டான். இன்னாசி தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஏழு பாகம், அதாவது நாற்பது அடிக்கு மேல் ஆழத்துக்கு, அடி மணல் வரைக்கும் போனார். முதல் தடவை வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும் குளிக்கச் சொன்னார்கள். குளித்தார். இரண்டாவது தடவை மேலே வந்தபோது இடது காதில் பாக்கி இருந்ததில் முக்கால்வாசியும் போய்விட்டது.

"அது திருட்டுக் கை இல்ல, ஐயா," என்றார். "எம் மச்சான் கை. இவ கூடப்பெறந்தவன்."

அந்த அம்மாள், ரெஜினாள், அப்போதுதான் வாயைத் திறந்தாள். லாசர் ஐப்பசியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான். அவனைப் போட்டோ எடுத்ததே கிடையாது. உலகத்தில் அவன் உருவம் என்று மிச்சம் இருப்பது, பாய் விலகும்போது முழங்கை வரை தெரிகிற அந்தக் கை ஒன்றுதான். அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகப் படம் எப்போது வரும், எப்போது வரும் என்று அவள் காத்திருந்தாள். புதுவருஷப் பூசை முடிந்ததும் ஊரார் எல்லோருமாகக் கரி வாயுவில் ஓடுகிற ஒரு கரி பஸ்ஸை அமர்த்திக்கொண்டு, பகல் ஆட்டத்துக்கு வருவதாக ஏற்பாடு. அன்றோடு இந்த ஊரில் படம் கடைசி.

அதற்குள் என் விமர்சனம் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, ஆலந்தலை சவரக்கடையில் இறங்கி, உரக்கப் படிக்கப்பட்டுவிட்டது. ஒரு வருஷமாக, நான்தான் அடி வரைக்கும் போனேன், பார்க்கத்தானே போகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அவர் சொல்லையும் அச்சடித்த காகிதத்தையும் வைத்துப் பார்த்தால் எது எடை கூட? ஒரே நாளில் அவருக்கு 'மூணாங்கயிறு' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. செத்துப்போனவனும் புரட்டில் கூட்டாளி என்று பேசினார்கள்.

இன்னாசி என்னிடம் கோபப்படவில்லை. தெரியாமல் எழுதிவிட்டீர்கள் என்றுதான் சொன்னார். அவர் கேட்டது இவ்வளவுதான்.

"எடவேளைல வெளக்கு போடுவாங்கள்ல, அப்போ எந்திரிச்சி ஒரு வார்த்தை சொல்லுங்க, ஐயா. குளிக்கிற கட்டம் அதுக்குப் பொறவுதான் வருது. நான் சொன்னா நம்ப மாட்டானுவ. எழுதுன நீங்களே சொன்னா நம்புவானுவ."

சொல்கிறேன் என்றேன். இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே ஆதிநாதனிடம் ஓடினேன். திருத்தம் போட வேண்டும் என்றேன். காகிதக் கோட்டா முழுவதையும் மலருக்கே செலவழித்தாகிவிட்டது, அடுத்த இதழ் பொங்கலுக்கு அப்புறம்தான் என்று கையை விரித்தார். பொங்கலுக்கு அப்புறம் போடத்தான் செய்தார். கடைசிப் பக்கத்தில், கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி. 'மூன்றாம் கயிறு பாதுகாப்புக் கருதியும் இருந்திருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தப்பு என்ற சொல்லை எழுதப் பேனா வரவில்லை. படம் அதற்குள் வேறு ஊர் போய்விட்டது. அந்த நாலு வரியை ஆலந்தலையில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் என் மனைவி கிருஷ்ணவேணி எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருந்தாள். "எழுந்து நின்னு நாலு வார்த்தை சொல்லிட்டு உட்காருங்கோ. அதுக்கு மேல அவா ஒண்ணும் கேக்கலையே," என்றாள். நியாயம்தான். வகுப்பில் நாற்பது பையன்கள் முன்னால் தினமும் ஐந்து மணி நேரம் நின்று பேசுகிறவனுக்கு இது ஒரு காரியமா? என்ன சொல்வது என்று இரண்டு நாளும் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். நன்றாகவே வந்தது.

புதுவருஷத்தன்று பகல் ஆட்டத்துக்குச் சேர் வகுப்பில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தேன். சேர் வகுப்பு கடைசியில், தரை வகுப்பு திரைக்கு முன்னால். ஆலந்தலைக்காரர்கள் தரை முழுவதும் அடைத்துக்கொண்டு இருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கம் ஓரத்தில் இன்னாசியின் முதுகு தெரிந்தது. அவரைச் சுற்றி ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் எங்கள் தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. இடைவேளைக்கு விளக்கைப் போட்டார்கள். நான் எழுந்திருக்க நாற்காலிக் கையை ஊன்றினேன். அவர் என் கையின் மேல் தன் கையை வைத்து, குனிந்து, காதோடு சொன்னார்:

"கருக்குமட்டை யார்னு எனக்குத் தெரியும் ஓய். அந்த மூன்றாம் கயிற்றைக் கண்டுபிடிச்சீரே, அதைப் பார்க்கணும்னுதான் வந்தேன்."

பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷமாக அந்த மனிதர் என்னை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம் போகட்டும், அப்புறம் எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தலை பின்னால் திரும்பி ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து, என் முகத்தில் நின்றது. ரெஜினாள்தான். எனக்கு அவளைத் தெரிந்தது, அவளுக்கு என்னைத் தெரிந்தது. நான் சோடா பாட்டிலைப் பார்த்தேன். விளக்கு அணைந்தது.

குளிக்கிற கட்டம் வந்தது. தோணி, பாய், கல்லின் மேல் இன்னாசியின் மெலிந்த கால். உள்ளே போனார். அந்த நேரத்தில் தரையிலிருந்து எவனோ ஒருவன், "அந்தா, மூணாங்கயிறு," என்றான். உடனே கொட்டகை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. மூணாங்கயிறு, மூணாங்கயிறு என்று ஒரே கூச்சல், சீட்டி, சிரிப்பு. கயிற்றைக் கை நீட்டிக் காட்டுவதற்காக முன்வரிசைகள் மொத்தமும் எழுந்து நின்றன. பெண்கள் பக்கமும் எழுந்து நின்றது. தலைமையாசிரியர் என் தொடையில் தட்டினார்.

இப்போது சொல்லப்போவதை இதுவரை நான் கிருஷ்ணவேணியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் எழுதிய ஒரு சொல்லை நானூறு பேர் சேர்ந்து கத்துகிறார்கள். உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்புறம்தான், நிற்கிற கூட்டத்துக்கு நடுவே இடுப்பளவில் ஒரு தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து திரையைத் தேடுவதைப் பார்த்தேன். அது ரெஜினாள். எழுந்து நிற்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. பாய் விலகிய நேரம் இரண்டு வினாடி இருக்கும். சேர் வகுப்பிலிருந்து எனக்கு அந்தக் கை தெளிவாகத் தெரிந்தது. கயிற்றை முன்கையில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தான். நரம்பு புடைத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

படம் விட்டதும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடலாம் என்று பார்த்தேன். வாசலில் கரி பஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னாசி நின்றிருந்தார். என்னைக் கண்டுபிடித்துவிட்டார். வேகமாக வந்தார்.

"இப்பத்தான் வாறியளா, ஐயா?" என்றார்.

அவரே எனக்கு ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் அதை வாங்கிக்கொண்டேன். ஆமாம், வீட்டில் ஒரு வேலை, வர முடியவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. காதின் மேல் கையை வைத்துக் குனிந்தார். நான் புரட்டு என்று எழுதிய படத்தில், என் கண் முன்னால், அந்தக் காதைப் போக்கிக்கொண்ட மனிதர். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, "என்னால் வர முடியவில்லை," என்று நான் கத்த வேண்டியிருந்தது. பொய்யை முணுமுணுக்கிற சௌகரியம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன்," என்றார். "எவ்வளவு நேரம் தேடுனோம். எனக்குத் தெரியும், வந்திருந்தா எந்திரிச்சிச் சொல்லியிருப்பீய. எல்லாவனும் உக்காந்திருப்பான். இவளும் அவன் கையப் பாத்திருப்பா. ஒங்கள ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல, ஐயா."

ரெஜினாள் அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. சொல்லட்டும், இவர் உள்ளேதான் இருந்தார், சோடா குடித்துக்கொண்டு இருந்தார் என்று இப்போதே போட்டு உடைக்கட்டும் என்று இருந்தது. அவள் புருஷனின் தோளைத் தொட்டு, பஸ் கிளம்பப் போகிறது என்று சைகை காட்டினாள்.

இன்னாசி போய்ப் படியில் கால் வைத்தவர், எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி வந்தார். புதுவருஷம் அதுவுமாக வாழ்த்துச் சொல்லாமல் வெறும் வாயோடு போகிறேன் பாருங்கள் என்று சொல்லி, என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். நானும் கூப்பினேன்.